டொகுடாமி: பக்கத்து வீட்டுத் தழைக்கட்டும் இரத்த அழுத்த மாத்திரையும்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

ஜப்பானுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றும், பக்கத்து வீட்டு ஒபாசான் (மூத்த பெண்மணி) ஒரு காய்ந்த தழைக்கட்டைக் கையில் திணித்து, ‘டொகுடாமி, உடம்புக்கு நல்லது’ என்று சொல்லிப் போனார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது நம் நிலவேம்பைப் போன்றதா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் உங்கள் கணவர் அதைக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவர் அல்லள்; டோக்கியோவுக்கு அருகிலுள்ள சைதாமாவில் 19 ஆண்டுகளாகக் குடியிருந்து, இந்தத் தழையைப் பிடுங்கியும் காயவைத்தும் குடித்தும் பழகியவள், அவ்வளவுதான். கருவுற்றோ பாலூட்டிக்கொண்டோ இல்லாவிட்டால் நீங்கள் இளந்தேநீராகக் குடித்துப் பார்க்கலாம். உங்கள் கணவர், மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வரை, தொடாமல் இருப்பது நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செடியைப் பார்த்துவிடுங்கள். அதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே வெயில் படாத ஈரமான சந்து இருந்தால், ஜூன் மாதத்தில் அங்கே நிச்சயம் நிற்கும். இலை, வெற்றிலையைச் சிறிதாக்கி வைத்தாற்போல இதய வடிவில் இருக்கும். அது வெறும் சாயல் மட்டும் அன்று, தாவரவியலில் வெற்றிலையும் மிளகும் அடங்கும் வரிசையில்தான் டொகுடாமியும் வருகிறது. வெள்ளையாக நான்கு இதழ்கள் தெரியும். அவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கதிரில் நெருக்கமாக அடங்கியிருப்பவைதாம் உண்மையான பூக்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால், கொத்தமல்லியையும் பச்சை மீனையும் ஒரே சட்டியில் போட்ட வாடை மூக்கில் ஏறும். சீனர்கள் இதை ‘மீன்வாடைப் பூண்டு’ என்றே அழைக்கிறார்கள். வேர் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடுவதால், ஒரு துண்டு தங்கினாலும் அடுத்த மழைக்கு மறுபடி தலைதூக்கும். வாடகை வீட்டுத் தோட்டத்தை ஒப்படைக்கும்போது இதை ஒழித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

ஆகவே நிலவேம்புக்கும் இதற்கும் உறவில்லை. கசப்பில் நிலவேம்பை நினைவூட்டுவது சென்புரி என்னும் வேறொரு செடி. வெந்நீரில் ஆயிரம் முறை ஆட்டி எடுத்தாலும் கசப்பு போகாது என்பதுதான் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். பசியைத் தூண்டவும் வயிற்று மந்தத்துக்கும் அதைக் குடிக்கிறார்கள். அதிலுள்ள சுவெர்ஷியாமரின் என்ற கசப்புப் பொருள் நம் ஊர் வெள்ளறுகிலும் உண்டு. டொகுடாமி, சென்புரி, கென்னோஷோகோ ஆகிய மூன்றையும் ஜப்பானின் மூன்று பெரிய நாட்டு மருந்துகள் என்று சேர்த்துச் சொல்வது இங்கே வழக்கம்.

டொகுடாமிக்கு மருந்துக் கடையில் ‘ஜூயாகு’ என்று பெயர். பத்து மருந்து என்று பொருள். குதிரை வைத்தியர்கள் இதைக் குதிரைகளுக்குக் கொடுத்தபோது பத்து வகைப் பலன் கண்டதால் அப்பெயர் வந்தது என்று கைபரா எக்கிகென் என்ற ஜப்பானிய அறிஞர் 1709இல் வெளியான தம் மூலிகை நூலில் எழுதியிருக்கிறார். இன்றைய ஜப்பானிய மருந்தியல் தொகுப்பு ஜூயாகு என்று ஏற்பது, பூக்கும் பருவத்தில் அறுத்த, மண்ணுக்கு மேலிருக்கும் பகுதியை மட்டுமே. ஒபாசான்கள் ஜூனில் அறுத்துத் தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அதே பருவத்தில்தான்.

எனக்குப் பல ஆண்டுகள் புரியாமல் இருந்த ஒன்று உண்டு. பச்சை இலையும் காய்ந்த இலையும் ஒரே மருந்து அல்ல. பச்சை இலையின் வாடைக்குக் காரணமான டெக்கனாயில் அசெட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் கிருமிகளை அடக்கக் கூடியது. கொப்புளத்தின் மேல் இலையைச் சுட்டு வைத்துக் கட்டும் பழைய கைமருத்துவம் பச்சை இலையைச் சேர்ந்தது. இலை காயக் காய அந்தப் பொருள் மாறிப்போகிறது, வாடையும் போய்விடுகிறது. காய்ந்த தழையில் எஞ்சுபவை குவர்சிட்ரின் முதலான ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரப் பொருள்களும் பொட்டாசியமும். இவை சிறுநீரைப் பெருக்கி, மலத்தை இளக்கும். ஆதலால் ‘டொகுடாமி கிருமியைக் கொல்லும்’ என்று கேட்டுவிட்டுக் காய்ந்த இலைத் தேநீரைக் குடிப்பவர், பச்சை இலையின் புகழைக் காய்ந்த இலையில் தேடுகிறார். புற்றுநோய், சர்க்கரை நோய் என்று கைப்பேசியில் வலம்வரும் செய்திகளை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மலச்சிக்கலுக்கும் சிறுநீர் குறைவாகப் போவதற்கும் துணையாகும் மென்மையான மூலிகை என்ற அளவில் வைத்துக்கொண்டால் அது ஏமாற்றாது.

மென்மை என்று சொன்னேனே, அளவு மீறினால் அதுவும் கிடையாது. வந்த முதல் ஆண்டில், பொட்டலத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல், ஒரு கைப்பிடித் தழையைப் போட்டுக் கறுக்கக் காய்ச்சி, தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுவதும் குடித்தேன். மறுநாள் காலை அலுவலக ரயிலில் மூன்று நிலையங்களில் இறங்கி ஏறினேன்; எந்த நிலையத்தில் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறது என்பது அன்றிலிருந்து மனப்பாடம். இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்த என் பக்கத்து வீட்டம்மா, கென்னோஷோகோவைக் கெட்டியாகக் காய்ச்சிச் சூடாகக் கொடுத்தார். ‘உடனே கிடைக்கும் சான்று’ என்று பொருள்படும் பெயர் அது. ஜெரானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்திருப்பதால் வயிற்றுப்போக்குக்குப் பெயர்பெற்றது. வயிற்றை இளக்கியது ஒரு தழை, கட்டியது இன்னொரு தழை என்று ஆயிற்று. ஆனால் கென்னோஷோகோவை நீங்களாகப் பறித்துவிடாதீர்கள். பூக்கும் முன் அதன் இலை தொரிகபுதோவின் இலையைப் போலவே இருக்கும். தொரிகபுதோ, நம் நாட்டு வைத்தியத்தில் நாபி என்று அஞ்சப்படும் நஞ்சின் இனம்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. காய்ந்த டொகுடாமியில் பொட்டாசியம் மிகுதி. இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில வகை உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கோ அது வெளியேறுவதே கடினம். இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். அவர் எடுப்பது எந்த வகை என்பதை மருந்தாளுநர் ‘ஒகுசுரி தெச்சோ’வைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். அது மருந்துக் கடையிலேயே கொடுக்கும் சிறு குறிப்பேடு. வாங்கும் மருந்துகளின் விவரச் சீட்டெல்லாம் அதில் ஒட்டப்படும். இன்னும் வாங்கவில்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்கி, உட்பக்கத்தில் ‘டொகுடாமிச்சா’ (டொகுடாமித் தேநீர்) என்றும் எழுதச் சொல்லுங்கள். தேநீர்தானே என்று நாம் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம்.

குளிர்காலம் வரும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மருத்துவர் காப்பீட்டிலேயே எழுதித் தரும் கம்போ என்னும் ஜப்பானிய மரபு மருந்துகள் 148 உண்டு; அவை பல மூலிகை சேர்ந்த கூட்டுமருந்துகள், டொகுடாமியைப் போல ஒற்றைத் தழை அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் ‘கான்சோ’ இருக்கும். கான்சோ என்பது நம் அதிமதுரம். அது டொகுடாமிக்கு நேர்மாறாகப் பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றக் கூடியது. சளிக்கு எல்லாரும் கைநீட்டி எடுக்கும் கக்கொன்தோ என்னும் கம்போ மருந்தில் அதிமதுரத்தோடு, அழுத்தத்தை ஏற்றக் கூடிய எபெட்ரா என்னும் மூலிகையும் இருப்பதால், அழுத்தம் உள்ளவர் கேட்காமல் எடுக்கக் கூடாது.

நீங்கள் குடிப்பதற்கு: தழையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, வெறும் வாணலியில் மணம் வரும்வரை இலேசாக வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிட்டிகையை மண்பாத்திரத்திலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ அரை லிட்டர் தண்ணீரில் மிதமாகக் கொதிக்கவிட்டால் வைக்கோல் வாசமும் பார்லித் தேநீரின் சாயலும் சேர்ந்த ஒரு சுவை வரும். முதல் வாரம் நாளுக்கு ஒரு கோப்பை போதும். தோலில் தடிப்போ வயிறு இளகுவதோ தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம்.

கட்டைப் பெற்ற அன்றே பிரித்து, தண்டின் கணுக்களில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மழைக்காலத்தில் காய்ந்த தழையில் அது எளிதில் பிடிக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் ஒபாசானிடம் சொல்லாமல் குப்பையில் போட்டுவிடலாம். நன்றாக இருந்தால் விரலளவாக நறுக்கி, நோரி என்னும் கடற்பாசித் தாள் வாங்கிய தகர டப்பாவில், அதோடு வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் சேர்த்துப் போட்டு மூடுங்கள். அடுத்த ஜூனில் அவர் புதுக்கட்டு கொண்டுவரும்வரை தாங்கும்.