வயதாகும் மட்டையாளர்களும் நீண்ட ஒப்பந்தங்களும்: கேள்வி பதில்

கேள்வி: பேஸ்பாலில் ஒரு சிறந்த மட்டையாளரின் ஆட்டம் எந்த வயதில் இறங்கத் தொடங்குகிறது?

பதில்: பெரும்பாலானோர் 26 முதல் 29 வயதுக்குள் உச்சத்தை எட்டிவிடுகிறார்கள், அதன்பின் மெதுவாகத் தொடங்கும் இறக்கம், 33 அல்லது 34 வயதைத் தாண்டியதும் வேகமெடுக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து, வீச்சாளரின் கையிலிருந்து மட்டையை அடைய ஏறத்தாழ 0.4 நொடியே ஆகிறது. அந்நேரத்துக்குள் பந்தின் வகையைக் கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றியும் முடிக்க வேண்டும். கைவேகம் சிறிது குறைந்தவர் அதை ஈடுகட்ட முன்கூட்டியே முடிவெடுக்கிறார். முன்கூட்டியே முடிவெடுத்தவர் கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் பந்துக்கு ஏமாந்துபோகிறார். ஆகவே வேகப்பந்தில் தொடங்கும் தளர்ச்சி, பெரும்பாலும் வளைபந்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி: டேவிட் ஓர்டிஸ் 40 வயதிலும் அடித்து நொறுக்கினாரே?

பதில்: அடித்தார். 2016இல் 38 ஹோம் ரன்களும் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடிகள்) 0.315 சராசரியும் (அடிக்கும் வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் பங்கு) எடுத்தார். டெட் வில்லியம்ஸ் 1957இல், 39 வயதை எட்டிய பருவத்தில், 0.388 சராசரி வைத்திருந்தார். ஆனால் 40 வயதில் நாம் காண்பவர்கள், அவ்வயதிலும் அணியில் இடம் தக்கவைத்த சிலர் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். 2012இல் பிரின்ஸ் ஃபீல்டர் 9 ஆண்டுகளுக்கு 21.4 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். கழுத்து அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2016இல், 32 வயதிலேயே அவர் விளையாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சி நின்றவர்களை மட்டும் எண்ணி ஒப்பந்தம் எழுதாதீர்கள்.

கேள்வி: 10 ஆண்டு ஒப்பந்தம் பெற்றுக்கொண்டு முன்போல் ஆடாத ஆல்பர்ட் புஹோல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியை ஏமாற்றினார் என்பதுதானே உண்மை?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 11 பருவங்களில் 0.328 சராசரி, 445 ஹோம் ரன்கள், மூன்று முறை மிகச்சிறந்த வீரர் விருது என்று குவித்தவர் அவர். ஆறு ஆண்டுகள் பணி முடியும்வரை ஒரு வீரர் விரும்பிய அணிக்குச் செல்ல முடியாத முறையில், 2001இல் அவர் பெற்ற ஊதியம் 2 லட்சம் டாலர். அடித்த ஹோம் ரன்கள் 37. 2003இல் 9 லட்சம் டாலருக்கு 0.359 சராசரியும் 43 ஹோம் ரன்களும் தந்தார். இளமையில் குறைவாகக் கொடுத்து முதுமையில் அதிகம் கொடுக்கும்படி அமைந்த ஊதிய முறையின் குறையை வீரரின் நேர்மைமீது சுமத்துவது நியாயமன்று.

கேள்வி (அதே வாசகர்): செயின்ட் லூயிஸ் குறைத்துக் கொடுத்ததற்கு ஏஞ்சல்ஸ் ஏன் கடன் அடைக்க வேண்டும்?

பதில்: சரியான மறுப்பு, இதன் முதல் பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இளமையை ஓர் அணி அனுபவித்தது, முதுமையை மற்றோர் அணி விலைக்கு வாங்கியது. ஆயினும் ஏஞ்சல்ஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. புஹோல்ஸின் சராசரி 2008இல் 0.357, 2009இல் 0.327, 2010இல் 0.312, 2011இல் 0.299 என்று படிப்படியாக இறங்கியது. பந்தைப் பொறுமையாக விட்டு முதல் தளத்துக்கு நடந்து சென்றவை 2009இல் 115ஆக இருந்து 2011இல் 61ஆகக் குறைந்தன. இவ்வளவும் கண்முன் இருந்தபோதுதான் 31 வயது வீரருக்கு 10 ஆண்டுகள், 24 கோடி டாலர் எழுதப்பட்டது. பின்னர் குதிகால் நோவு 2013ஆம் பருவத்தை 99 ஆட்டங்களோடு முடித்தது. ஏஞ்சல்ஸில் அவருடைய சராசரி 0.256, 2021 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். பிழை இருந்தால் அது கணக்குப் பார்த்தவர்களுடையது.

கேள்வி: இருக்கும் ஒப்பந்தம் முடியுமுன்பே நீட்டிப்பது பாதுகாப்பானதா?

பதில்: எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். மிகேல் கப்ரேராவின் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும்போதே, 2014 மார்ச்சில், அவருடைய அணியான டெட்ராய்ட் மேலும் 8 ஆண்டுகளும் 24.8 கோடி டாலரும் சேர்த்தது. 2016இல் 38 ஹோம் ரன்கள் அடித்தவர், முதுகு வலியோடு ஆடிய 2017இல் 16 மட்டுமே அடித்தார். ரயன் ஹோவர்ட் 2010இல் கையெழுத்திட்ட 12.5 கோடி டாலர் நீட்டிப்பு 2012இல்தான் தொடங்கவிருந்தது. 2011 பிளேஆஃப் தொடரில் அவருடைய அணியான பிலடெல்பியாவின் கடைசி ஆட்டத்தை முடித்த பந்திலேயே அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது.

கேள்வி: ஹாங்க் ஆரன் 39 வயதில் 40 ஹோம் ரன்கள் அடித்தாரே?

பதில்: ஓர்டிஸ் பற்றிய பதிலைப் படியுங்கள். எஞ்சி நின்றவர்களை மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: கிரிக்கெட் மட்டையாளர்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: அது என் துறையன்று.

கேள்வி: அப்படியானால் அணிகள் ஏன் இன்னும் 10, 15 ஆண்டுகள் எழுதுகின்றன?

பதில்: ஆடம்பர வரி, அதாவது வீரர்களின் மொத்த ஊதியம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி, கணக்கிடப்படுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரித் தொகையைக் கொண்டு, ஆண்டுகள் கூடினால் அச்சராசரி குறைகிறது. ஹுவான் சோட்டோவின் 15 ஆண்டு, 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் அவருடைய 26 வயதில் தொடங்குவதால், உச்ச ஆண்டுகளேனும் வாங்கிய அணிக்குக் கிடைக்கும். ஏரன் ஜட்ஜின் 9 ஆண்டுகள் 30 வயதைக் கடந்த பின்பே தொடங்குகின்றன. எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

கேள்வி: 2022இல் புஹோல்ஸ் மீண்டெழுந்தது உங்கள் வாதத்தை உடைக்கவில்லையா?

பதில்: இல்லை. 42 வயதில் அவருடைய பழைய அணி 25 லட்சம் டாலருக்கு, ஒரே ஆண்டுக்கு அவரை எடுத்தது. களத்தடுப்புச் சுமையைப் பெரும்பாலும் நீக்கி, இடக்கை வீச்சாளர்களுக்கு எதிராகவே அதிகம் இறக்கியது. 109 ஆட்டங்களில் 24 ஹோம் ரன்கள் அடித்து, செப்டம்பர் 23 அன்று வாழ்நாள் கணக்கில் 700ஐத் தொட்டு, 703இல் முடித்தார். 700ஐத் தொட்ட அன்றிரவு நான் எழுந்து நின்று கைதட்டினேன்.