பிள்ளை பெற்றபின் காரணமில்லாமல் இளைக்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாப்பாடு, எடை பற்றி எதுவும் கேளுங்கள். மாத்திரை பேர் மட்டும் கேட்காதீர்கள், அதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

ஏற்காடு: குழந்தைக்கு மூணு மாசம். நல்லா சாப்பிட்டும் ஏழு கிலோ இறங்கிடுச்சு. கை நடுங்குது, குளிர்லயும் வேர்க்குது. பால் கொடுக்கறதாலதான்னு எல்லாரும் சொல்றாங்க.

பால் கொடுத்தால் கொஞ்சம் இளைக்கும், சரி. ஆனால் மலைக்குளிரில் வேர்ப்பதும் கை நடுங்குவதும் பாலால் வருவதில்லை கண்ணு. தைராய்டு பாருங்கள். பிரசவமான முதல் ஆறு மாதத்துக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியாகி, அதில் சேர்ந்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிந்துவிடும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, தின்றது உடம்பில் ஒட்டாது. அப்புறம் அதே சுரப்பி சோர்ந்துபோய் அசதி, மலச்சிக்கல், எடை கூடுதல் என்று நேர்மாறாகத் திரும்பும். பெரும்பாலோருக்கு ஒன்றரை வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது. ஆனால் கிரேவ்ஸ் என்ற தைராய்டு நோயும் இதே மாதிரிதான் தெரியும், அதற்கு வைத்தியமே வேறு. அதனால் டிஎஸ்எச், டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை இரண்டும் பாருங்கள், கூடவே சர்க்கரையும். கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கலாம் என்றால், பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மாப்பேட்டை: எவ்வளவு கூடுதலா சாப்பிடணும்?

முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இரண்டு இட்லி சாம்பாரோடு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஏறக்குறைய வந்துவிடும். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது, அதற்குப் பதிலாக அல்ல. நம் ஊரில் ஜவ்வரிசிக் கஞ்சியைத் தெம்புக்கு என்று கொடுக்கிறார்கள். அது மரவள்ளி மாவு, புரதம் இல்லை. பாலோ பாசிப்பருப்போ சேர்த்துக் காய்ச்சுங்கள்.

ஆத்தூர்: நானும் இளைக்கிறேன், நல்லதுதானே அக்கா?

எத்தனை கிலோ? எடை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: பச்சைத் தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நாங்க நாப்பது நாள் பத்தியம் இருந்துதானே பெத்து வளர்த்தோம்?

அம்மா, வீடு வீடாகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது தட்டைத்தான். குழைந்த சோறு ஒரு பிடி, மிளகு ரசம், சுட்ட பூண்டு இரண்டு பல். பருப்பு வாயு, கீரை கழிச்சல், பழம் குளிர்ச்சி என்று ஒதுக்கிவிட்டு, அந்தத் தட்டோடு நாளுக்கு எட்டு முறை பால் கொடு என்றால் அந்தப் பெண் எங்கே போவாள்? தாய் குடிக்கும் தண்ணீரால் பிள்ளைக்குச் சளி வராது.

(அவரே): அப்போ பூண்டுக் குழம்பும் கருவாடும் தப்பா?

தப்பே இல்லை, நன்றாகக் கொடுங்கள். பத்தியத்தில் சேர்ப்பதோடு எனக்குச் சண்டை இல்லை, விலக்குவதோடுதான்.

ஓமலூர்: எங்க வீட்டுல என் மனைவிக்கு அரை டம்ளர் தண்ணிதான் தர்றாங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க.

தம்பி, நீங்களே ஒரு சொம்பு நிரப்பி, பால் கொடுக்கும்போது பக்கத்தில் வையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மேட்டூர்: இளைச்சுட்டே போறேன், மூணு வாரமா இருமல், சாயங்காலம் காய்ச்சல்.

நாளைக் காலையே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை சத்துமாவு, லேகியம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

வாழப்பாடி: உடம்பு தேற என்ன பவுடர் வாங்கலாம்?

மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம். முதலில் எடை, அப்புறம் ரத்தப் பரிசோதனை.

ஏற்காடு அடிவாரம்: தங்கச்சி சாப்பிடவே மாட்டேங்கறா, சும்மா சும்மா அழறா.

திட்டி ஊட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சங்ககிரி: வீட்ல எடை மிஷின் இல்லைங்க.

குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போவீர்கள் இல்லையா, அங்கேயே நீங்களும் ஏறுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அதே மிஷினில். தடுப்பூசி அட்டையிலேயே தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.