எர்த் எங்கே ஒட்டுகிறது?

கேள்வி: கடல்நீரின் கலங்கலை அளக்க லேசருக்கு எதிரே ஒரு போட்டோடயோடு (ஒளியைக் கரண்டாக மாற்றும் உணரி) வைத்திருக்கிறோம். வெளியீட்டில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஓயவில்லை. ஷீல்டை (கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையை) ஆம்பிளிஃபையர் டப்பாவில் ஒரே இடத்தில்தான் எர்த் செய்தோம். ஆனால் மல்டிமீட்டர் எங்கே வைத்தாலும் பீப் அடிக்கிறது. வேண்டாத இணைப்பு எது?
– கல்லூரி ஆய்வக உதவியாளர், குளச்சல்

பதில்: டயோடைக் கறுப்பு அட்டையால் மூடிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஒளியோடு வருவது, விளக்கிலிருந்தோ லேசரிலிருந்தோ. டியூப்லைட் என்றால் 100 ஹெர்ட்ஸ் இருக்கும். மூடிய பிறகும் இரைச்சல் இருந்தால் குறை வயரிங்கில்.

பீப் அடிப்பது இயல்புதான். நீங்களே ஒரு எர்த் கொடுத்திருக்கிறீர்களே, அதைத்தான் மீட்டர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முதலில் அந்த இணைப்பைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் உருவுங்கள். ஆஸிலாஸ்கோப்பின் கிளிப்பும் எர்த்தேதான், அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஷீல்டுக்கும் மேசைத் தகட்டுக்கும் இடையே ஓம் ரேஞ்சில் அளங்கள். பீப் வேண்டாம், சில நூறு ஓம் உள்ள கசிவுக்கு அது வாயே திறக்காது.

மீட்டர் ஓவர் ரேஞ்ச் (அளவு எல்லைக்கு மேல், அதாவது இணைப்பே இல்லை) காட்டினால் நல்லது. அரை ஓம் காட்டினால் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது என்று பொருள். அப்போது முதல் சந்தேகம் டயோடின் மேல்தான். உலோக மூடி உள்ள பல டயோடுகளில் மூடி உள்ளுக்குள்ளேயே ஒரு காலோடு, பெரும்பாலும் கேத்தோடோடு, இணைந்திருக்கும். அதை அலுமினியத் தாங்கியில் செருகி மேசையில் முடுக்கினால் இரண்டாவது எர்த் தயார். மூடியோடு சேர்ந்த கால் ஆம்பிளிஃபையரின் உள்ளீடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரைச்சலோடு நிற்காது, அளவே கெட்டுவிடும். தாங்கியின் அனோடைஸ் பூச்சை நம்பாதீர்கள், திருகின் மரை அதைச் சுரண்டிவிடும். மின்சாரம் கடத்தாத நைலான் திருகும் காப்டன் டேப்பும் போடுங்கள். அடுத்தது சிக்னல் கேபிளை மாட்டும் பிஎன்சி சாக்கெட். சாதாரண வகை பேனலில் மாட்டியதுமே ஷீல்டை டப்பாவோடு சேர்த்துவிடும். இன்சுலேட்டட் வகை தனியாகக் கிடைக்கிறது.

ஒவ்வொரு கேபிளாகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் ஓம் எகிறுகிறதோ, குறை அதில்தான். கழற்ற முடியாத நீளமான கேபிள் என்றால் டயோடையும் ஆம்பிளிஃபையரையும் முதலில் விடுவித்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட்டுக்கு வைத்து, கரண்ட் லிமிட்டை 100 மில்லி ஆம்பியருக்கு இறக்கி, ஷீல்டின் ஒரு முனைக்கும் தகட்டுக்கும் கொடுங்கள். மீட்டரின் ஒரு கம்பி அந்த முனையிலேயே இருக்கட்டும், மற்றதை ஷீல்டு வெளித்தெரியும் இணைப்புகளில் வரிசையாக வையுங்கள். மில்லிவோல்ட் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்துக்கு மேல் அசையாது. ஏற்றம் நிற்கும் இடம்தான் ஒட்டும் இடம். ஷீல்டின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 மில்லி ஓம் என்றால், 100 மில்லி ஆம்பியரில் அந்த நீளத்துக்கு 2 மில்லிவோல்ட் கிடைக்கும். 0.1 மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டரால் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கிவிடலாம். அவசரத்தில் கேபிள் உறையை ஊசியால் மட்டும் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே உப்புக்காற்று இறங்கி அடுத்த மழைக்குள் ஷீல்டு பச்சை பூத்துவிடும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறதே!

சில நூறு கிலோ ஓம் காட்டி, காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக மாறினால், கடற்கரையில் அது உப்பும் ஈரமும்தான். மீட்டரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி அளங்கள். எண் மாறினால் அங்கே அரிப்பு ஒரு குட்டி பேட்டரியாக வேலை செய்கிறது. சப்ளை இல்லாமலே டிசி மில்லிவோல்ட் தெரியும். பலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தேய்த்துவிட்டு, போகவில்லையே என்பார்கள். உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாக உலர்த்தல்.

ஓவர் ரேஞ்ச் காட்டியும் இரைச்சல் நிற்கவில்லையா? லேப்டாப்பின் சார்ஜரை உருவி பேட்டரியில் ஓட்டுங்கள். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கண்டென்சர் ஏசியை மட்டும் கடத்தும். ஓம் மீட்டர் டிசியால் அளப்பதால் அது கண்ணில் படாது.

கேள்வி: பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடாது. லைன் கம்பி டப்பாவைத் தொட்டால் டப்பா முழுக்க 230 வோல்ட் நிற்கும். பின்னை முடக்கியதும் இரைச்சல் போவது எர்த் லூப் (இரண்டு இடங்களில் எர்த் ஆவதால் உண்டாகும் மின்வளையம்) இருப்பதற்குச் சான்று, அவ்வளவே. பிளக்கைச் சரிசெய்துவிட்டு, சிக்னல் பக்க ஷீல்டுக்கும் டப்பாவுக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள். லூப் கரண்ட் குறையும், பாதுகாப்பும் போகாது.

கேள்வி: கசிவைப் பார்க்க 500 வோல்ட் மெகர் (உயர் வோல்ட்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: இரு முனையும் கழற்றிய வெறும் கேபிளுக்குப் போடலாம், அதுவும் கேபிளின் வோல்ட்டேஜ் தாங்குதிறனைப் பார்த்துவிட்டு. டயோடு இருந்தால் வேண்டாம். டயோடுகளின் ரிவர்ஸ் (எதிர்த்திசை வோல்ட்டேஜ்) தாங்குதிறன் பெரும்பாலும் சில பத்து வோல்ட்தான்.