பழைய வேகன்: எது சின்ன வேலை, எது பர்ஸைக் காலி பண்ணும்?

கேள்வி: வணக்கம் சார், வீட்ல சாமான் ஏத்துற வேலை நிறைய இருக்குன்னு சின்ன சைஸ் வேகன் (பின்னாடி சாமான் வைக்க நீளமா இடம் இருக்கிற கார்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பாத்து வச்சிருக்கேன். பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், 10 வருஷம் ஆச்சு, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. பின்னாடி வைப்பர் வேலை செய்யல, டிக்கில ஈர வாடை அடிக்குது, பள்ளத்துல இறங்குனா பின்பக்கம் டக் டக்னு சத்தம். விக்கிறவரு "எல்லாம் சின்ன வேலைதான், இன்ஜின் சூப்பரா இருக்கு"ங்கிறாரு. நம்பலாமா? செலவை எப்படி கணக்கு போடுறது?

பதில்: நீங்க சொன்ன மூணுமே அனேகமா சமாளிக்கக்கூடிய செலவுதாங்க, ஆனா நீங்க கேக்காம விட்டது ஒண்ணுதான் எனக்கு உறுத்துது, அது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை பிஸ்டனோட ஓட்டத்துக்கு ஏத்த நேரத்துல திறந்து மூட வைக்கிற பட்டை. உங்க வண்டில இருக்கிறது பெல்ட்டா செயினான்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. பெல்ட்டுன்னா நிறைய வண்டிகள்ல 1,00,000 கிலோமீட்டர் பக்கத்துல மாத்தச் சொல்லுவாங்க, சிலதுல அதுக்கும் முன்னாடியே, வண்டி ஓடாம சும்மா நின்னாலும் வருஷக் கணக்கு தனியா உண்டு, உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல போட்டிருக்கும். மாத்துனதுக்கு பில் காட்டச் சொல்லுங்க, பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் வச்சுக்கணும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஓடிட்டிருக்கும்போது அது அறுந்துச்சுன்னா பெரும்பாலான இன்ஜின்கள்ல பிஸ்டன் மேல வந்து வால்வுல இடிச்சு வால்வெல்லாம் வளைஞ்சிடும், அப்புறம் வால்வெல்லாம் இருக்கிற இன்ஜின் மேல் பாகத்தையே (ஹெட்) கழட்டணும், பழைய வண்டிக்கு அந்த பில்லு வண்டி விலைக்கு பக்கத்துல வந்து நிக்கும்.

செலவு கணக்குக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், பார்ட்ஸ் என்ன விலைன்னு மட்டும் கேக்காதீங்க, அந்த பார்ட்ஸ எட்டுறதுக்கு எவ்வளவு கழட்டணும்னு கேளுங்க. டைமிங் பெல்ட் வெறும் ரப்பர் பட்டை, ஆனா அதைத் தொடணும்னா இன்ஜின் மவுண்ட், முன்னாடி புல்லி, கவர்னு எல்லாம் கழட்டியாகணும். நிறைய இன்ஜின்ல வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் சுத்தும், அதனால பம்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாம் சேத்து ஒரே தடவையில மாத்திடணும். என் பழைய வண்டில பெல்ட் மாத்தும்போது பம்பு நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன், சில மாசத்துல அது கசிஞ்சு கூலன்ட் புது பெல்ட் மேலயே ஊத்துச்சு, மறுபடியும் அதே லேபர் முழுசா கொடுத்தேன், பெல்ட்டும் வீணாப் போச்சு.

இப்ப பின்பக்கம் வருவோம், வேகனோட வயசு அங்கதான் தெரியும். வைப்பர் ஓடலைன்ன உடனே மோட்டாரை மாத்தாதீங்க. டிக்கி டோரைத் தூக்குனா கீல் பக்கத்துல பாடியிலிருந்து கதவுக்குப் போற ஒரு ரப்பர் குழாய் தெரியும், வயரெல்லாம் அதுக்குள்ளதான் போகுது, ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த வயர் ஒரே இடத்துல மடங்கி மடங்கி ஒடியும். ரப்பரை மெதுவா இழுத்துப் பாருங்க, வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் வெடிச்சு உள்ள செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும், சிலது நூல் மாதிரி ரெண்டு இழையில தொங்கிட்டிருக்கும். வைப்பரோட நம்பர் பிளேட் லைட்டும் டிக்கி லாக்கும் சேந்து மக்கர் பண்ணுதுன்னா சந்தேகமே வேணாம், இதுதான். நல்லா வளையிற வயரா வச்சு சால்டர் பண்ணி ஒட்டணும், வெறுமனே முறுக்கி டேப் சுத்துனா மறுபடி அங்கயே ஒடியும். பொறுமையா செய்யிற எலக்ட்ரீஷியனா கிடைச்சா செலவு ரொம்பக் கம்மி.

ஈர வாடைக்கு, டிக்கி கார்பெட்டைத் தூக்கிட்டு ஸ்டெப்னிய வெளிய எடுங்க, அந்தக் குழியில தண்ணி தேங்கியிருந்தா ஆச்சரியமில்ல. டெயில் லேம்ப் கேஸ்கெட், டிக்கி ரப்பர், பம்பருக்குப் பின்னாடி இருக்கிற காத்துப் போற ஓட்டை, மேல கூரைக் கம்பி மாட்டுற இடம், பின் கண்ணாடிக்கு தண்ணி கொண்டு போற டியூப், இதுல ஏதோ ஒண்ணுதான். ஒருத்தர் டார்ச்சோட டிக்கிக்குள்ள உக்காந்துக்கணும், இன்னொருத்தர் வெளிய நின்னு தண்ணிய கீழருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல அடிக்கணும், மேலருந்து ஊத்துனா எங்க நுழையுதுன்னே தெரியாது. அடைக்கிறது சுலபம். குழி ஓரத்துலயும் ஷாக் அப்சார்பர் பிடிக்கிற இடத்துலயும் துரு எவ்வளவு தின்னிருக்குன்னு பாருங்க, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டும்போது தகடு உதிர்ந்தா அந்த வண்டிய விட்டுடுங்க, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் சரி.

டக் டக் சத்தத்துக்கு வண்டியத் தூக்கிப் பாத்தாத்தான் முடிவு சொல்ல முடியும். ஷாக் மேல் மவுண்ட்னா சின்னது. ஷாக் கசியுதுன்னா ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தணும். ஸ்பிரிங் நுனி ஒடிஞ்சிருக்கலாம், பாரம் ஏத்துன வேகன்ல இது சகஜம், சமதளத்துல நிறுத்தி பின்னாடி நின்னு பாத்தா ஒரு பக்கம் தாழ்ந்து தெரியும். புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புல இருக்கிற ரப்பர் உருளை) போயிருந்தா மட்டும் பிரஸ் மெஷின் வச்சு அழுத்தி மாட்டுற வேலை, புஷ் விலையை விட லேபர்தான் ஜாஸ்தி.

இன்னொருத்தர் கேள்வி: டாப் கியர்ல மெதுவாப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா இன்ஜின் மட்டும் சீறுது, வேகம் ஏறல. கிளட்ச் பிளேட் மட்டும் மாத்துனா போதுமா?

பதில்: போதாதுங்க. கியர்பாக்ஸை இறக்கித்தான் பிளேட்டை எடுக்கணும், அவ்வளவு தூரம் போயிட்டு அந்த பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கையும் பழசாவே விட்டா அடுத்து அந்த பேரிங் கத்தும், திரும்ப இறக்கணும். செட்டா போடுங்க. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசியுதான்னும் அப்பவே பாத்துடச் சொல்லுங்க, அது கசிஞ்சா புது பிளேட்டும் ஆயில்ல நனைஞ்சு வழுக்கும்.

வேற ஒருத்தர் கேள்வி: வண்டி பாக்கப் போனப்ப செக் இன்ஜின் லைட் எரியல, வாங்கி ரெண்டாம் நாளே எரியுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான ஃபால்ட் கோடை (கோளாறைச் சொல்ற எண்) அழிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. ஸ்கேனர் வச்சோ பேட்டரியைக் கழட்டி மாட்டியோ அந்த ஃபால்ட் கோடை அழிச்சா லைட் அணைஞ்சிடும், ஆனா வண்டி தன்னைத்தானே சோதிக்கிற சில டெஸ்ட்டுகளும் முதல்லருந்து ஆரம்பிக்கும், அது முடிய கொஞ்ச நாள் ஓட்டணும். வாங்குறதுக்கு முன்னாடி ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மாட்டி "ரெடினஸ்" பக்கத்தைப் பாத்திருந்தா பாதி முடியாம நிக்கிறது தெரிஞ்சிருக்கும். இப்ப முதல்ல அந்த ஃபால்ட் கோடைப் படிச்சுக் குறிச்சு வச்சுக்குங்க, லைட் விட்டு விட்டு மினுக்குச்சுன்னா அது மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா எரியல, அப்படியே ஓட்டுனா புகை போற குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்து போயிடும், அது ரொம்ப விலை. மினுக்காம எரியுது, கூலன்ட் சூடும் ஆயில் பிரஷரும் சரியா இருக்கு, ஓட்டும்போது வித்தியாசம் தெரியலைன்னா பொதுவா பதறாம மெதுவா ஓட்டி மெக்கானிக்கிட்ட கொண்டு போகலாம்.