கும்பிடற கை போட்டா போதுமுங்களா?

கேள்வி: அக்கா, நான் பொறந்து வளந்ததெல்லாம் ஈரோடுங்க, திடப்படுத்தல் (சபையில முழு அங்கமா சேர்க்கற சடங்கு), கல்யாணம் எல்லாமே அங்க சபையிலதான். வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனி வேலைன்னு திருப்பூர் வந்து மூணு வருசமாச்சு. இங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சுல பாதிப்பேரு தெக்கத்திக்காரங்க, ஆராதனை முடிஞ்சா அவங்களுக்குள்ளயே பேசிட்டு நிக்கறாங்க, நான் செருப்ப மாட்டிட்டு கெளம்பிடுவேன். பழைய சபை வாட்ஸ்அப் குரூப்புல தெனமும் வசனப் படம், யாராச்சும் ஆஸ்பத்திரின்னா வரிசையா கும்பிடற கை, அவ்ளோதான். இப்பெல்லாம் ஞாயித்துக்கெழமை யூடியூப்ல ஆராதனை பாத்துட்டு வீட்லயே இருந்துடறேன். தப்புங்களா?
– வாசகி, திருப்பூர்

பதில்: காச்சல் மழைன்னு ஒரு வாரம் பாத்தா தப்பில்ல அம்மிணி. வாரா வாரம்னா செரியா வராது, ஏன்னா நீங்க மூணு வாரம் காணோம்னா யூடியூப் வந்து விசாரிக்காது பாருங்க. சபை கூடி வர்றத விட்டுடாதீங்கன்னு பைபிள்ல எபிரெயர் 10:25 வசனத்த எல்லா ஆயரும் (பாஸ்டரும்) சொல்லுவாங்க, அதுக்கு முந்துன வசனம் ஒருத்தர ஒருத்தர் கவனிக்கச் சொல்லுது, அத அவ்வளவா யாரும் எடுக்கறதில்ல.

அந்த தெக்கத்தி விசயத்துக்கு வர்றேன். சிஎஸ்ஐ-ங்கறதே 1947 செப்டம்பர் 27ல பல சபைங்க ஒண்ணா சேந்ததுதானுங்க. நம்ம பக்கம் லண்டன் மிஷன், 1830ல ஆடிஸ்ங்கற மிஷனரி கோயமுத்தூர் வந்ததுல இருந்தே, உங்க ஈரோட்டு ப்ரப் ரோட்டுக்கு பேரு குடுத்த ப்ரப்பும் அந்த மிஷன் ஆளுதான். திருநெல்வேலி பக்கம் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை, வழக்கம் கொஞ்சம் வேற, அசனம்னா (சபை விருந்துன்னா) ஊரே உக்காந்து சாப்புடும். அவங்களும் பொழப்பத் தேடி வந்தவங்க, ஊர் நெனப்புலதான் அப்படி கூடி நிக்கறாங்க. நானே ஒரு நெல்லை அம்மாவ ரெண்டு வருசம் திமிரு புடிச்சவங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஒருநா அசனக் கொழம்பு எப்படிங்க வெப்பீங்கன்னு ஒரு வார்த்த கேட்டேன், அரை மணி நேரம் உடலியே என்னைய. இப்ப கிறிஸ்மஸ்னா எங்கூட்டு ஒப்புட்டு அவங்களுக்கு போகாட்டி போன் வந்துரும்.

உங்க ஏரியாவுல வீட்டு ஜெபக்கூட்டம் எந்தக் கெழமைன்னு ஆயரக் கேளுங்க. முன்னூறு பேரு இருக்கற சர்ச்சுல பேசாம வந்துரலாம், பதனஞ்சு பேரு பாயில உக்காந்து டீ குடிக்கறப்ப அது நடக்காது. வீடு சின்னதுன்னு பாக்காம ஒரு வாட்டி உங்கூட்லயே வெச்சுக்கோங்க. ஈரோட்டுல இருந்து மாற்றுக் கடிதம் (சபை மாறுறதுக்கு பழைய சபை குடுக்கற லெட்டர்) இன்னும் வாங்கலைன்னா வாங்கிக் குடுத்து சந்தா இங்கயே கட்டுங்க, சபை லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான ஆயரும் வீடு சந்திக்க வருவாரு.

பழைய குரூப்ப விட்டு வெளிய வர வேண்டாம், கும்பிடற கைய மட்டும் நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு நேரா போன் போடுங்க, சாப்ட்டீங்களான்னு கேட்டா போதும். ஈரோடு என்ன தூரமா, ஒண்ணு ஒண்ணர மணி நேர பஸ்ஸு, லெந்து நாள்ல (ஈஸ்டருக்கு முந்துன தவக்காலத்துல) ஒரு ஞாயிறு போயிட்டு வாங்க. உங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுத்த டீச்சர் இருந்தா அவங்கூட்டுக்கே போயிருங்க, அந்த வயசுக்காரங்க நெறைய பேரு வாட்ஸ்அப்ல இருக்க மாட்டாங்க.