குரு விட்டுப்போன பெட்டி

அன்புள்ள ஐயா,

ஸ்பானிய இசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு இசையமைப்பாளர் எர்னெஸ்தோ ஹால்ஃப்டரைத் தேடிப்பிடித்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எதில் தொடங்கி எந்த வரிசையில் கேட்கலாம்? அவர் பெயர் ஏன் ஜெர்மன் பெயர் போல இருக்கிறது? இன்னொன்றும் கேட்கவேண்டும். இருபது வயதில் தேசியப் பரிசு வாங்கியவர் அவர். ஆனால் எங்கே படித்தாலும் 'ஃபாயாவின் சீடர்' என்றுதான் வருகிறது. குரு முடிக்காமல் விட்ட வேலையில் தன் ஆயுளை வீணாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பெயர் விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அப்பா அன்றைய ஜெர்மன் பிரதேசமான பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து வந்தவர், பிள்ளை 1905ல் மாட்ரிட்டில் பிறந்தார், அவ்வளவுதான்.

'வீணாக்கிவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். இந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கோபம் கூடுதலாகவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹால்ஃப்டரின் குருவான ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் டி ஃபாயா எப்படிப்பட்டவர் என்று முதலில் பாருங்கள். பதினைந்து நிமிடம்கூட வராத, ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்துக்கான கச்சேரி இசைக்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்டவர். ஒரு ஸ்வரத்தை வைத்து, அழித்து, மறுபடி வைப்பவர். அப்படிப்பட்டவர் தன் நாற்பதுகளில், செவில் நகரில் புதிதாகத் தொடங்கிய ஆர்கெஸ்ட்ராவை 1924ல் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கையில் கொடுத்தார். நடத்து என்றார். எதிலும் திருப்தி அடையாத மனிதர் அந்த ஒரு விஷயத்தில் தயங்கவில்லை. பையனும் அடுத்த வருடமே 'சின்ஃபோனியெட்டா'வை எழுதிப் பரிசு வாங்கினான். நீங்கள் சொல்லும் பரிசு அதுதான்.

பிறகு உள்நாட்டுப் போர். 1936ல் கிரனாடாவில் கவிஞர் லோர்காவைக் கொன்றார்கள். நண்பரைக் காப்பாற்ற ஃபாயா முயன்றும் நடக்கவில்லை. 1939ல் அவர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். ஹால்ஃப்டரின் அண்ணன் ரொதோல்ஃபோ மெக்சிகோவுக்கு அகதியாகப் போனார். எர்னெஸ்தோ மனைவியின் ஊரான லிஸ்பனில் இருந்தார். ஒருவரும் ஒருவர் பக்கத்தில் இல்லை. ஃபாயா 1946 நவம்பர் 14 அன்று, எழுபது வயது நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது, ஆல்தா கிராசியா என்ற சிற்றூரில் காலமானார். ஏறக்குறைய இருபது வருடமாக எழுதிக்கொண்டிருந்த 'அட்லாண்டிடா' முடியவில்லை. வெர்தாகேரின் கட்டலான் காவியத்தை வைத்து, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸில் தொடங்கி கொலம்பஸின் பயணம் வரை போகும் பெரிய இசைப்படைப்பு அது. முகப்புப் பகுதியும் வேறு சில இடங்களும் ஒழுங்காக இருந்தன. மற்றதெல்லாம் துண்டு துண்டான குறிப்புகள். சில இடங்களில் வெறும் மெட்டு மட்டும். சில இடங்களில் ஒரே வரிக்கு இரண்டு மூன்று வடிவங்கள், இதுதான் முடிவு என்று எதிலும் எழுதவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியர் எங்கள் வட்டாரத்துப் பேச்சுச் சொற்களை அட்டைகளில் எழுதிச் சேர்த்துவந்தார். முப்பது வருடச் சேகரிப்பு. அவர் போனபிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, "நீதான் முடிக்கணும் தம்பி" என்றார். அன்றிரவே திறந்தேன். ஒரே சொல்லுக்கு மூன்று அட்டை, மூன்றிலும் வேறு வேறு பொருள். எதை அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார்? ஒன்றை வைத்து இரண்டை எடுத்துப்போட நான் யார்? மூடிவைத்தேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த அம்மாவைத் தெருவில் பார்த்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. குருவின் மேல் இருந்த மரியாதையால்தான் தொடவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பயம், எஸ். தப்பாகிவிட்டால் ஊர் என்னைப் பேசுமே என்ற பயம்.

ஹால்ஃப்டர் தன் குரு விட்டுப்போன பெட்டியைத் திறந்தார். வருடக்கணக்கில் அதோடு உட்கார்ந்தார். இருக்கிற இடத்தில் குருவை அப்படியே விட்டு, இல்லாத இடத்தில் தானே எழுதி, மூன்று வடிவம் இருந்தால் ஒன்றை எடுத்தார். அதைத்தான் நான் செய்யவில்லை. 1961ல் பார்சிலோனாவின் லிசேயு அரங்கில் தொல்ட்ரா நடத்த, விக்டோரியா டி லோஸ் ஆங்கெலஸ் பாட, முதல்முறையாக அது ஒலித்தது. அடுத்த வருடம் மிலானில் லா ஸ்காலா அரங்கில். இந்த மாதிரி வேலையில் நன்றாக இருக்கும் இடமெல்லாம் குருவுடையது, தொய்யும் இடமெல்லாம் சீடனுடையது என்றுதான் கேட்கிறவர்கள் பிரிப்பார்கள். அவர் அதோடு நின்றுவிடவும் இல்லை. மறுபடி உட்கார்ந்து, சுருக்கித் திருத்திய வடிவத்தை 1976ல் லூசர்ன் நகரில் ஒலிக்கவைத்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அந்த வயதில், தான் சேர்த்ததைத் தானே வெட்ட ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! இதையா வீண் என்கிறீர்கள்? அந்த வருடங்களில் அவர் சொந்தமாக இன்னும் நிறைய எழுதியிருக்கலாம், உண்மைதான், எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அந்த வருடங்களை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் அவர். நாம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டாம்.

கேட்கும் வரிசையை மறந்தே போனேன். சின்ஃபோனியெட்டாவில் தொடங்குங்கள். மாட்ரிட்டில் வாழ்ந்து மறைந்த பழைய இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் துள்ளல் அதில் இருக்கிறது, இருபது வயதின் சந்தோஷமும் இருக்கிறது. அப்புறம் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த போர்த்துகீசிய ராப்சடி. அப்புறம் நார்சிசோ யெப்பெஸுக்காக எழுதிய கிதார் கச்சேரி இசை. அட்லாண்டிடாவை ஒரு மாதம் கழித்து, ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எது ஃபாயா, எது ஹால்ஃப்டர் என்று முதல் தடவை தேடவேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். 'அ' வரிசை அட்டைகளை மட்டும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.