ஐஸில் விழப் பயப்படும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை என்றும், எட்டு வயது மகளை ஐஸ் ஸ்கேற்றிங் வகுப்பில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இப்பால் காத்திருக்கும்போது நாமும் பழகினால் என்ன என்று ஆசை வருவதாகவும், ஆனால் 39 வயதில் விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொண்டால் களஞ்சிய வேலைக்கு யார் போவது என்ற பயம் விடுவதாயில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது வெறும் கோழைத்தனமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோழைத்தனம் இல்லை. நான் முதன்முதலாக ஐஸில் கால் வைத்தது 41 வயதில். வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டது 43இல். இப்போது 54 வயதாகிறது, இன்னும் கிழமைக்கு இரண்டு நாள் போகிறேன், இன்னும் பயப்படுகிறேன்.

உங்கள் பயத்தில் ஒரு பாதி கணக்கு வழக்கைப் பற்றியது. அதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது, விவரம்தான் உதவும். எலும்பு முறிந்தால் வைத்தியசாலை, எக்ஸ்ரே, கட்டு ஆகியவற்றை ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொள்ளும். அதன் பின் வரும் இயன்முறைச் சிகிச்சைக்கு, 20 முதல் 64 வயது வரையானவர்களில் பெரும்பாலோர் தம் கைக்காசையோ வேலையிடத்துக் காப்புறுதியையோதான் நம்ப வேண்டும். ஒன்ராறியோச் சட்டம் ஆண்டுக்கு மூன்று நாள் சுகவீன விடுப்பு தருகிறது, அதுவும் சம்பளமில்லாமல். மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில் சுகவீனக் கொடுப்பனவு 26 கிழமைகள் வரை கிடைக்கும், ஆனால் முந்தைய 52 கிழமைகளில் பொதுவாக 600 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், கிடைப்பதும் சம்பளத்தில் 55 வீதம் அளவில்தான். அந்த 600 மணித்தியாலம் நிறைந்த பிறகு ஸ்கேற்றிங் தொடங்குங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் பெட்டி தூக்கிப் பிழைப்பவருக்கு நான் முதலில் சொல்லக்கூடியது அதுதான்.

மறு பாதி முழங்காலில் இருக்கும் பயம். அதைப் பற்றித்தான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் வயது வந்தவர்களை ஐஸில் விழுத்துவது பெரும்பாலும் அந்தப் பயமே. பயந்த உடம்பு முழங்காலை நீட்டி விறைத்துக்கொள்கிறது, கண் பாதத்தைப் பார்க்கிறது, முதுகு பின்னால் சாய்கிறது. ஸ்கேற்றின் பிளேடு நேர்க்கோடு அல்ல. முன்னும் பின்னும் ஆடும் கதிரையின் வளைகால்போல மெல்ல வளைந்தது. உடம்பின் பாரம் குதிக்காலுக்குப் போன கணமே கால்கள் முன்னே ஓடிவிட, ஆள் பின்புறமாக விழுகிறார். கைகள் தாமாகவே பின்னால் நீண்டு நிலத்தைத் தேடுகின்றன. முழு உடம்பின் எடையும் விரித்த உள்ளங்கையின் ஊடாக மணிக்கட்டில் இறங்குகிறது, அல்லது பின்மண்டை அடிபடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்வதும் இதே கதைதான்: கை சுவரில் தொங்க, இடுப்பு மடிய, கால் கீழே வழுக்கும். உங்கள் மகளைக் கவனித்துப் பாருங்கள். அவள் குந்தியிருக்கும் உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்து, அழலாமா என்று யோசிப்பதற்குள் எழுந்துவிடுவாள்.

ஆகவே முதலில் பழக வேண்டியது விழுவதை. என் பயிற்றுநர் முதல் நாள் என்னை ஓரடி கூட ஓட விடவில்லை. முழங்காலை மடக்கி, கதிரையில் உட்காரப் போவதுபோல் தாழ்ந்து, பக்கவாட்டில் தொடையின் சதைப் பகுதி நிலத்தில் படும்படி சரிய வேண்டும். கைகளை மார்போடு சேர்த்து விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் விரித்த விரலின் மேல் இன்னொருவரின் பிளேடு ஏறலாம். நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் பின்மண்டை தப்பும். பிறகு முழங்காலில் நின்று, ஒரு பாதத்தை ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்காலில் வைத்து எழ வேண்டும். பத்துத் தடவை வேண்டுமென்றே விழுந்தேன். பத்தாவது தடவை எழுந்தபோது காற்சட்டை நனைந்திருந்தது, முழங்கால் தானாக மடங்கியிருந்தது.

பாதுகாப்புப் பொருட்களில் வெட்கம் பார்க்காதீர்கள். நாட்டின் ஸ்கேற்றிங் அமைப்பான ஸ்கேற் கனடாவின் கான்ஸ்கேற் என்ற ஆரம்பநிலை வகுப்புகளில் ஐந்தாம் நிலை முடியும் வரை சி.எஸ்.ஏ. என்ற கனடாத் தர முத்திரை கொண்ட ஹொக்கித் தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்களுக்கும்தான். சைக்கிள் தலைக்கவசம் அதற்கு ஈடாகாது. மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் உறையும் காற்சட்டைக்குள் போடும் பஞ்சு வைத்த உள்ளாடையும் இருந்தால் மனம் பாதி அமைதியாகும். சப்பாத்தையும் கவனியுங்கள். வாடகை ஸ்கேற்றின் பிளேடு பெரும்பாலும் மழுங்கியிருக்கும், புதிதாக வாங்கியதையும் தீட்டுவித்த பிறகே பயன்படுத்த வேண்டும். மழுங்கிய பிளேடு பக்கவாட்டில் வழுக்கும்போது அது நம் திறமைக் குறைவு என்று எண்ணிக் கலங்கிப்போகிறோம். பிகர் ஸ்கேற்றின் நுனியில் பற்கள் உண்டு, ஹொக்கி ஸ்கேற்றில் இல்லை. நடப்பதுபோல நுனியால் உந்தினால் அந்தப் பற்கள் ஐஸைக் கவ்வி முகங்குப்புறத் தள்ளும்.

என் கை முறிந்தது காற்றில் துள்ளிச் சுழலும் பாய்ச்சலில் அல்ல. ஒற்றைக் காலில் முன்னோக்கிப் போய்க்கொண்டே பின்னோக்கித் திரும்பும் ஒரு திருப்பம் உண்டு. ஐஸில் 3 என்ற எண்ணைப்போலத் தடம் விழுவதால் அதற்கு அந்த எண்ணின் பெயர்தான். பாதி திரும்பியபோது எதிரே ஒரு பையன் குறுக்கே வந்தான்; முழுதாகத் திரும்பியிருந்தாலும் தப்பியிருப்பேன், திரும்பாமலே விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். நான் நடுவில் தயங்கினேன். பாய்ச்சல் செய்பவர்களுக்கும் இதே ஆபத்துத்தான்: காற்றில் இருக்கும்போது மனம் மாறி உடம்பை விரித்துவிட்டால், இறங்கும் கால் எந்தத் திசையில் நிலத்தைத் தொடும் என்று சொல்ல முடியாது.

ஆறு கிழமைக் கட்டு, அதன் பிறகு சிகிச்சை, ஐந்து மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். எல்லாம் வந்தது, அந்த ஒரு திருப்பம் மட்டும் வரவில்லை. விழுந்த மூலைக்கு அருகே போனாலே மூச்சு நின்றது. என்னை அறியாமல் அந்த மூலையைத் தவிர்த்தே சுற்றிக்கொண்டிருந்தேன். காயத்துக்குப் பிந்திய பயம் எனக்குப் பொதுவாக வரவில்லை, ஒரு இடத்திலும் ஒரு அசைவிலும் போய்க் குந்திக்கொண்டது. பயிற்றுநர் என்னைச் சுவரைப் பிடித்து நின்றபடி திரும்ப வைத்து, பிறகு கையை விட்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டுத் திரும்ப வைத்தார். ஒரு பனிக்காலம் முழுதும் அதற்கே போனது.

பயத்தை வெல்லுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் பாய்ச்சல்களை விட்டுவிட்டு ஐஸ் நடனத்துக்குப் போனேன். டச்சு வால்ட்ஸ் என்ற ஆரம்ப நடனம் முழுவதும் முன்னோக்கியே ஓடுவது. பாய்ச்சல் கிடையாது, பிளேடின் விளிம்பில் சாய்ந்து தாளத்துக்கு முழங்காலை மடக்கி நிமிர்வதுதான் அதன் அழகு. ஜேர்மனியின் ஓபர்ஸ்டோர்வ் நகரில் பெரியவர்களுக்கென்றே 2005 முதல் சர்வதேசப் போட்டி நடந்து வருகிறது. இது நமக்கு ஆகாத வயது என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

நகரசபையின் திறந்தவெளித் தளங்கள் இலவசம், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஸ்கேற் வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் சனி ஞாயிறு மாலைக் கூட்டத்தில் போகாமல் வார நாளின் நண்பகலில் போங்கள். ஒட்டாவாவின் றிடோ கால்வாயில் பனிக்காலத்தில் உறையும் 7.8 கிலோமீற்றர் ஸ்கேற்றிங் பாதையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இயற்கை ஐஸில் வெடிப்பும் மேடு பள்ளமும் இருக்கும், 2022-23 பனிக்காலத்தில் அது போதிய அளவு உறையாததால் திறக்கப்படவேயில்லை. எல்லாவற்றுக்கும் முன்பாகப் பெரியவர்களுக்கான வகுப்பொன்றில் சேருங்கள்.

என்னிடம் மணிக்கட்டுக் காப்பு இரண்டு சோடி இருக்கிறது. சிறிய அளவுச் சோடியை நான் இப்போது போடுவதில்லை. மகளின் வகுப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அக்கா